செம்கோஸ் வழியில் வீழ்ந்த ஆசான்: அலெக்சாந்தர் மென் அடிகள்

பெரியபுராணம் படித்தார்க்கு மெய்ப்பொருள் நாயனார் வரலாறு நன்கு தெரியும். சேதி நாட்டுத் திருக்கோவலூரில் அரசு புரிந்த அவரைப் போரில் வெல்லமாட்டாத முத்தநாதன், திருநீறு பூசிச் சடை முடித்துச் சிவவேடம் பூண்டான். புத்தகப் பொதி ஒன்றினுள் உடைவாளை மறைத்துக்கொண்டு அரண்மனை புகுந்தான். ஆகமம் உரைக்க வந்ததாகச் சொல்லி, தன்னை வணங்கிய அரசரை அவ்வாளாற் குத்தினான். காவலனாகிய தத்தன் வாளோங்கி ஓடி வந்தான். வீழ்கின்ற அரசரோ அவனைத் தடுத்து, கொன்றவனை ஊரார் தீண்டாவண்ணம் எல்லை கடத்தி விட்டு வரும்படி பணித்தார். தத்தன் அவ்வாறே செய்து மீண்டு வந்து சொல்லுமளவும் அரசர் உயிர் தாங்கி நின்றது.

இவ்வரலாற்றைக் கேட்பவர்க்குத் துயரம் உண்டு, ஐயம் இல்லை. கொன்றவன் யார், எதன் பொருட்டுக் கொன்றான், எக் கருவியாற் கொன்றான் என்பனவெல்லாம் கதையிலேயே உள. ஐயம் இல்லாத துயரம் காலத்தால் ஒருவாறு ஆறும். கொன்றவன் இன்னான் என்பதே தெரியாது போயின் எஞ்சினோர் யாது செய்வர்? தத்தன் யாரை எல்லை கடத்துவான்? எதிர்ப்படும் ஒவ்வொரு முகத்திலும் முத்தநாதனைத் தேடுவதன்றி அவர்க்கு வேறு வழி உண்டோ?

இவ்வினா ருஷ்ய நாட்டிலே சிறியதொரு கிறித்தவ சபைக்கு 1990 ஆம் ஆண்டில் உண்மையாகவே எழுந்தது. அச் சபையின் குருவானவர் அலெக்சாந்தர் மென் அடிகள். சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் ருஷ்ய ஓதொடொக்ஸ் திருச்சபையிலே தோன்றிய பேராசான்களுள் அவர் ஒருவர். அவர்தம் வாழ்வை அறிந்தாலன்றி அவர் சபை அவ்வினாவுக்குக் கண்ட விடையை அறிதல் இயலாது.

மறைவில் வளர்ந்த பிள்ளை

மென் அடிகள் 1935 ஆம் ஆண்டு சனவரி 22 ஆம் நாள் மொஸ்கோ நகரில் பிறந்தார். பெற்றோர் இருவரும் யூத குலத்தவர். தந்தையார் விளாடிமிர் நெசவுத் தொழிற்றுறைப் பொறியியலாளர். எச் சமயத்திலும் பற்றில்லாதவர். தாயார் எலேனா இளமை தொட்டே இயேசுநாதர்பால் ஈர்க்கப்பட்டவர்.

அக்காலம் ருஷ்யாவிலே சமயத்துக்கு வந்த கொடுங்காலம். 1917 ஆம் ஆண்டுப் புரட்சியின் பின் ஆலயங்கள் பல இடிக்கப்பட்டன, பல பண்டகசாலைகளாயின. ஆயர்களும் குருமாரும் சிறைகளிலும் கட்டாய வேலை முகாம்களிலும் மாண்டனர். 1927 இல் திருச்சபையை நடாத்திய மெத்றோப்பொலித்தர் சேர்ஜியஸ், எஞ்சியதையாவது காக்கலாம் என்றெண்ணிப் போலும், சோவியத்து அரசுக்குப் பணிவு தெரிவித்து அறிக்கை விடுத்தார். அதனை ஏற்க மனமில்லாதார் ஒதுங்கி வீடுகளில் மறைவாக வழிபடலாயினர். நிலவறைத் திருச்சபை என அவர்களைக் கூறும் வழக்கு அதனால் எழுந்தது.

அவ்வாறு மறைந்து வாழ்ந்தவருள் ஒருவர் செராபிம் பத்தியூக்கோவ் என்னும் குருவானவர். மொஸ்கோவுக்கு வடகிழக்கே ஏறக்குறைய 70 கிலோமீற்றர் தொலைவில் சேர்கியெவ் பொசாத் என்னும் பழைய ஊர் உண்டு. சோவியத்துக் காலத்தில் அதற்குச் சாகோர்ஸ்க் என்று பெயர். 14 ஆம் நூற்றாண்டில் தூய சேர்ஜியஸ் நிறுவிய திரித்துவ மடம் அங்குள்ளது. சைவர்க்குச் சிதம்பரம் எத்தகையதோ ருஷ்யர்க்கு அம் மடம் அத்தகையது. அவ்வூர் வீடொன்றிலே பத்தியூக்கோவ் அடிகள் ஒளிந்திருந்து, இரவில் வழிபாடு நடாத்தி வந்தார். மென் ஏழு மாதக் குழந்தையாக இருந்தபோது தாயும் மகனும் அவரிடம் ஒரே நாளில் ஞானஸ்நானம் பெற்றனர். 1942 இல் அவர் மறைந்தபோது அவர் உடலை அடக்கியதும் மறைவிலேயாம்.

இத்தகைய சூழலில் வளர்ந்த பிள்ளைக்குச் சமயம் என்பது கேட்பாரற்ற வழக்கமாக ஆகவில்லை. ஒவ்வொரு செபமும் ஆபத்தோடு கூடியது. ஆயினும் அப்பிள்ளை அச்சமும் கசப்பும் மிக்கவராக வளர்ந்திலர். அவரைச் சூழ்ந்திருந்த பெண்மணிகள், சிறப்பாகத் தாயாரும் சிறிய தாயார் போன்று வளர்த்த வேரா அம்மையாரும், நூல்களையும் மலர்களையும் விலங்குகளையும் அவர்க்குக் காட்டி வளர்த்தனர். பன்னிரண்டு வயதில் தாம் குருவாதல் வேண்டும் எனத் துணிந்தார். பள்ளிப் பருவத்திலேயே இயேசுநாதர் வரலாற்றை எழுதத் தொடங்கினார்.

உயிரியல் மாணவர் குருவானமை

உயிர்நூற் கல்வியில் அவர்க்கு இயல்பான விருப்பம் உண்டு. 1953 இல் மொஸ்கோவிலிருந்த உரோமத் தொழிற்கல்லூரியிற் சேர்ந்தார். இரண்டாண்டின் பின் அக் கல்லூரி சைபீரியாவிலுள்ள இர்க்குட்ஸ்க் நகருடன் இணைக்கப்படவே, மாணவரும் அங்குச் சென்றனர். அங்கே அவருடன் ஒரே அறையில் வாழ்ந்தவர் கிளேப் யாக்கூனின். பிற்காலத்தில் யாக்கூனின் அடிகளாகி, 1965 இல் அரசின் தலையீட்டைக் கண்டித்துத் திருச்சபைத் தலைமைக்குத் திறந்த மடல் எழுதியவர்களுள் ஒருவராய், 1979 இல் சிறை புகுந்தவர் அவரே. நண்பர் இருவரும் ஒரே நோக்கத்தை இரு வேறு வழிகளில் நாடினர். யாக்கூனின் எதிர்த்து நின்றார். மென் கற்பித்து நின்றார்.

1958 இல் இறுதித் தேர்வை அண்மித்த வேளையில், மென் ஆலயத்தோடு தொடர்புடையவர் என்பது வெளிப்பட்டது. கல்லூரியினின்றும் நீக்கப்பட்டார். பட்டம் பெறாத அவ்விளைஞர் அதே ஆண்டு சூன் 1 ஆம் நாள் உதவிக் குருவாகவும், 1960 செப்தெம்பர் 1 ஆம் நாள் குருவாகவும் திருநிலைப்படுத்தப்பட்டார். கீழைத் திருச்சபை மரபில் இல்லறத்தார் குருவாதல் உண்டு. அவர் 1956 இலேயே நத்தாலியா என்பாரை மணந்திருந்தார். இறையியற் கல்வியை லெனின்கிராட்டிலும் மொஸ்கோவிலும் அஞ்சல் வழியாகப் பயின்று முடித்தார்.

அவர் குருவான காலம் குருஷ்சேவ் ஆட்சிக்காலம். அரசியற் கைதிகள் பலர் விடுதலை பெற்ற அதே காலத்தில் ஆயிரக்கணக்கான ஆலயங்கள் மூடப்பட்டன என்பது பலர் அறியாத செய்தி. மென் அடிகள் மொஸ்கோவைச் சூழ்ந்த சிற்றூர் ஆலயங்களில் ஒன்றன்பின் ஒன்றாகப் பணி செய்து, 1970 இல் நோவாயா தெரெவ்னியா என்னும் ஊரை அடைந்தார். புஷ்கினோ என்னும் பட்டினத்தை அடுத்த அவ்வூரிலுள்ளது மரத்தாற் கட்டிய சிறிய ஆலயம். இருபதாண்டுக் காலம் அங்கேயே பணிசெய்தார். 1989 இலேதான் அவ்வாலயத்தின் தலைமைக் குருவாக்கப்பட்டார். அதுகாறும் பிறர்க்குக் கீழ் இரண்டாம் குருவாகவே இருந்தார் என்பது அவர்தம் அடக்கத்தையும், அக்காலத்து அதிகாரிகள் அவரை நோக்கிய நோக்கையும் ஒருங்கே காட்டும்.

எழுதிய நூல்கள்

அக்காலத்து ருஷ்யாவிற் சமய நூல் அச்சிடல் அரிது. திருமறையே கிடைத்தற்கரிய பொருளாயிருந்தது. மென் அடிகள் எழுதியவை தட்டச்சிற் படியெடுக்கப்பட்டுக் கைமாறி உலவின. பின்னர் எல்லை கடந்து பெல்ஜியம் நாட்டு பிரசெல்ஸ் நகரிற் புனைபெயரில் அச்சாயின. இயேசுநாதர் வரலாறாகிய மனுமகன் என்னும் நூல் 1968 இல் வெளிவந்தது. அதன்பின் உலகச் சமயங்களின் வரலாற்றை ஆறு பாகங்களாக எழுதினார். முதற் பாகம் 1970 இலும் ஆறாம் பாகம் 1983 இலும் வெளிவந்தன. இத் தொடருக்கு வழியையும் உண்மையையும் வாழ்வையும் தேடி என்பது பெயர்.

இத் தொடரின் மூன்றாம் பாகம் நம்மவர் கருத்துக்குரியது. மௌனத்தின் வாயிலில் என்னும் பெயருடைய அப்பாகம் சீனத்தையும் இந்தியாவையும் பற்றியது. உபநிடத முனிவர்கள், புத்தர் பெருமான், பகவத்கீதை, சீன ஞானியர் ஆகியோரை அதில் விரித்துரைக்கின்றார். தம் சமயமே நிறைவுடையது என்பதில் அவர்க்கு ஐயமில்லை. அதனை அவர் மறைக்கவுமில்லை. ஆயினும் பிற சமயத்தாரை இருளிற் கிடந்தோர் என்று தள்ளாமல், மெய்ப்பொருளைத் தேடி நெடுவழி நடந்தவர்கள் என மதித்து எழுதினார். நாத்திகமே கல்வித் திட்டமாயிருந்த நாட்டில், உபநிடதம் என்னும் சொல்லையே கேட்டறியாத இளைஞர் பலர்க்கு அந்நூல் முதல் வாயிலாயிற்று. இக் காரணம் பற்றியே அவர் திருச்சபையைச் சேர்ந்த சிலர் அவரை வெறுத்தனர். பிற சமயங்களுக்கு இடங்கொடுப்பவர், கத்தோலிக்கர்க்கு நண்பர் என்று குற்றஞ் சாட்டினர். யூத குலத்திற் பிறந்தவர் என்பதும் அவ்வெறுப்புக்கு எண்ணெய் வார்த்தது.

வீடுகளிற் கூடிய சபை

மொஸ்கோவிலிருந்து மின்சாரப் புகையிரதத்தில் புஷ்கினோ வந்து, அங்கிருந்து நோவாயா தெரெவ்னியா செல்வோர் தொகை ஆண்டுதோறும் பெருகிற்று. அவ்வூர் முதிய பெண்களோடு விஞ்ஞானியரும், பாடகரும், எழுத்தாளரும், மாணவரும் ஒரே நிரலில் நின்றனர். கவிஞர் ஒசிப் மண்டெல்ஸ்தாமின் கைம்பெண்ணாகிய நதேஸ்தா அம்மையார் அவரை நாடியவருள் ஒருவர். பாடற் புலவர் அலெக்சாந்தர் காலிச் அவர் கையால் ஞானஸ்நானம் பெற்றார்.

ஆலயத்துக்கு வெளியே சமயம் போதித்தல் அன்றைய சட்டப்படி குற்றம். ஆதலின் அடிகள் வேறொரு வழி கண்டார். தம்மை நாடி வந்தோரைச் சிறு சிறு குழுக்களாக அமைத்தார். ஒவ்வொரு குழுவும் மொஸ்கோவில் ஒருவர் வீட்டிற் கூடும். அயலார்க்கு அஃது ஒரு பிறந்தநாள் விருந்து போலத் தோன்றும். அங்கே செபமும் திருமறைப் பாடமும் நடக்கும். நோயுற்றார்க்கும் சிறைப்பட்டார் குடும்பத்துக்கும் உதவி சேரும். ஒரு குழுவினர் மற்றொரு குழுவினரை அறியாமலிருத்தலும் உண்டு. அடிகள் கைதானாலும், நாடு கடத்தப்பட்டாலும், அக் குழுக்கள் தாமே நடக்க வல்லனவாயிருத்தல் வேண்டும் என்பதே அவ்வமைப்பின் பயன். தாமின்றியும் நடக்கக் கற்பித்தலே கற்பித்தலின் முடிபு என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

அவ்வாபத்து வெறுங் கற்பனையன்று. கே.ஜி.பி. எனப்படும் இரகசியப் பொலிசார் அவர் வீட்டைச் சோதனையிட்டனர். 1980 களின் முற்பாதியிற் பலமுறை அழைத்து விசாரித்தனர். அவர் வட்டத்தினர் சிலர் கைதாயினர். 1986 இல் துரூத் என்னும் புதினப் பத்திரிகை அவரைத் தாக்கி எழுதியது. நாட்டை விட்டு வெளியேறும் வழி அவர்க்கு மூடப்பட்டிருந்ததன்று. ஆயினும் மேய்ப்பன் மந்தையை விட்டகலுதல் தகாது என்று அங்கேயே இருந்தார்.

இரண்டாண்டு வசந்தம்

கொர்பச்சேவ் ஆட்சியில் நிலைமை மாறிற்று. ருஷ்ய நாடு கிறித்தவந் தழுவிய ஆயிரமாம் ஆண்டு நிறைவு 1988 இற் கொண்டாடப்பட்டது. அவ்வாண்டு முதல் மென் அடிகட்குப் பொதுமேடை திறந்தது. பாடசாலைகள், தொழிற்சாலை மன்றங்கள், கலாசார மண்டபங்கள், வானொலி, தொலைக்காட்சி எனப் பல இடங்களிற் பேசினார். இரண்டாண்டுக்குள் ஏறக்குறைய 200 விரிவுரைகள் நிகழ்த்தினார் என்பர். ஐம்பத்து மூன்று வயதுவரை வாய் மூடப்பட்டிருந்த ஆசிரியர் ஒருவர் பேசத் தொடங்கினால் எவ்வாறிருக்கும் என்பதற்கு அவ்விரிவுரைகளே சான்று. கையிற் குறிப்பின்றிப் பேசுவார். வினாக்கள் துண்டுத் தாள்களில் எழுதி வர, எல்லாவற்றுக்கும் விடை கூறுவார்.

1990 இல் மீண்டும் அமைக்கப்பட்ட ருஷ்யத் திருமறைச் சங்கத்தின் நிறுவுநர்களுள் அவரும் ஒருவர். அதே ஆண்டு மொஸ்கோவில் ஓதொடொக்ஸ் திறந்த சர்வகலாசாலையைத் தொடக்கி வைத்தார். குழந்தைகள் வைத்தியசாலை ஒன்றுக்குச் சென்று தீரா நோயுற்ற பிள்ளைகளைப் பார்த்து வரலானார். அவரோடு சபையாரும் சென்று தொண்டு செய்தனர். காலம் குறுகியது என்பதை அறிந்தவர் போல விரைந்து விதைத்தார்.

1990 செப்தெம்பர் 8 ஆம் நாள், சனிக்கிழமை மாலை, மொஸ்கோவில் உலகச் சமயங்கள் பற்றிய விரிவுரைத் தொடரின் கடைசி விரிவுரையை நிகழ்த்தினார். அதன் பொருள் கிறித்தவம். இரண்டாயிரம் ஆண்டு கழிந்தும் கிறித்தவம் தன் தொடக்க நிலையிலேயே உள்ளது என்பது அன்று அவர் வலியுறுத்திய கருத்து.

ஞாயிற்றுக்கிழமை விடியல்

அடிகள் குடும்பத்துடன் வாழ்ந்த செம்கோஸ் என்னும் ஊர் சேர்கியெவ் பொசாத்துக்கு அண்மையிலுள்ள புகையிரத நிலையம். அங்கிருந்து மொஸ்கோத் திசையிற் புஷ்கினோ சென்று தம் ஆலயத்தை அடைவது அவர் வழக்கம். வீட்டிலிருந்து நிலையத்துக்கு மரங்களினூடே ஓர் ஒற்றையடிப் பாதை உண்டு. செப்தெம்பர் 9 ஆம் நாள் ஞாயிறு அதிகாலையில் கைப்பெட்டியுடன் அப் பாதையிற் சென்றார். அங்கே கோடரி போன்ற கூரிய கருவியால் யாரோ அவர்தம் பிடரியில் வெட்டினர். தாளொன்றை ஒருவன் நீட்ட, அதனை வாசிக்கக் குனிந்தபோது மற்றொருவன் வெட்டினான் என்று ஊகிப்பாரும் உளர். புத்தகப் பொதியில் வாள் ஒளித்து வந்தவன் கதையை அறிந்த நமக்கு அவ்வூகம் புதியதன்று.

குருதி ஒழுக அவர் வீடு நோக்கித் திரும்பி நடந்தார். வழியில் எதிர்ப்பட்டவர், இக் கொடுமை செய்தார் யார் என்று வினவ, எவருமில்லை என்ற பொருள்பட விடையிறுத்துச் சென்றனர் என்பர். வீட்டுப் படலையடியில் வீழ்ந்தார். முனகல் கேட்ட மனைவியார் வெளியே ஒருவர் வீழ்ந்து கிடத்தலைக் கண்டு வைத்திய உதவிக்கு அழைத்தார். வீழ்ந்தவர் தம் கணவர் என்பதை அப்போது அறிந்திலர். சிறிது நேரத்தில் அடிகளின் உயிர் நீங்கிற்று. அவர்க்கு வயது ஐம்பத்தைந்து.

அதே வேளையில் நோவாயா தெரெவ்னியா ஆலயத்தில் மக்கள் காத்து நின்றனர். ஒருகாலும் பிந்தாத அடிகள் அன்று பிந்தினார். பின்னரே செய்தி வந்தது.

செப்தெம்பர் 11 ஆம் நாள் அவர் உடல் அவ்வாலய முற்றத்திலேயே அடக்கப்பட்டது. ஸ்நாபக யோவான் சிரச்சேதம் செய்யப்பட்டதை ருஷ்யத் திருச்சபை நினைவு கூரும் நாள் அது. கூடியிருந்தோர் அப் பொருத்தத்தை உணர்ந்து கலங்கினர். திருச்சபைத் தலைவராகிய மறைமுதுவர் இரண்டாம் அலெக்சியின் இரங்கற் செய்தி அடிகளின் பணியைப் பாராட்டிற்று. அவர்தம் இறையியற் கருத்துக்கள் சிலவற்றைத் திருச்சபை முழுவதும் ஏற்கும் என்று கொள்ளலாகாது என்பதையும் குறிப்பிடத் தவறவில்லை. மூன்று வாரங்கழித்து, ஒக்டோபர் 1 ஆம் நாள், சோவியத்து ஒன்றியத்தில் மனச்சாட்சிச் சுதந்திரச் சட்டம் நிறைவேறியது. அவர் நாற்பதாண்டாக விரும்பிய உரிமை அவர் கல்லறையில் மண் உலருமுன் வந்தது.

விடை காணாத விசாரணை

கொலையைத் துப்பறியுமாறு கொர்பச்சேவும் யெல்ற்சினும் கட்டளையிட்டனர். விசாரணை ஆண்டுக்கணக்கில் நீடித்தது. சிலர் ஐயுறப்பட்டனர், குற்றத்தை ஒப்புக்கொண்டு பின் மறுத்தாரும் உளர். ஆயின் எவரும் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டிலர். யார் செய்தார், யார் செய்வித்தார் என்பவை இன்றளவும் துலங்கவில்லை.

விடை இல்லாத இடத்தில் ஊகங்கள் முளைத்தன. அவற்றை மூன்றாக வகுக்கலாம். இரகசியப் பொலிசார் செய்தனர் என்பது ஒன்று. யூதரை வெறுக்கும் தீவிர தேசியவாதிகள் செய்தனர் என்பது மற்றொன்று. கைப்பெட்டிக்காகக் கள்வன் செய்தான் என்பது மூன்றாவது. இம் மூன்றும் அவர் சபையாரை மூன்று விதமாகத் தாக்கின. முதலாவது மெய்யாயின், அடிகள் எந்நேரம் எவ்வழியே செல்வார் என்பதைச் சொன்னவன் தங்கள் நடுவிலே இருந்திருக்கலாம். இரண்டாவது மெய்யாயின், தாங்கள் வணங்கும் அதே சிலுவையை வணங்குவோர் கையிலும் குருதி இருக்கலாம். மூன்றாவது மெய்யாயின், இத்துணைப் பெரிய வாழ்வு ஒரு காசுப் பைக்காக முடிந்தது என்னும் வெறுமையைத் தாங்கவேண்டும். எதுவும் தீர்க்கப்படாமையால் மூன்று சுமையையும் ஒருங்கே சுமந்தனர். அடுத்த சில மாதங்களில் மொஸ்கோவில் வேறு குருமாரும் கொலையுண்டமை அச்சத்தை மிகுவித்தது.

கொலையுண்டவரை ஊரார் ஒருமுறை இழக்கின்றனர். கொன்றவன் அகப்படாதவிடத்து ஒருவரையொருவர் நம்பும் நம்பிக்கையையும் சிறிது சிறிதாக இழக்கின்றனர். பின்னையது முன்னையதினும் மெல்ல நிகழ்வது; ஆதலாற் பலர் கவனியாதது. சபை, சங்கம், பாடசாலை எதுவாயினும் இவ்வாறே உட்புழுத்து அழிதல் கூடும்.

சபை கண்ட வழி

மென் அடிகளின் சபை அழியவில்லை. காரணம் ஆராயற்பாலது. அவர் அமைத்த சிறு குழுக்கள் தாமே நடக்கக் கற்றிருந்தன. சோவியத்துச் சிறையை எதிர்பார்த்துச் செய்த ஏற்பாடு, எதிர்பாராத கோடரிக்கும் ஈடுகொடுத்தது. அடிகளின் இளமைத் தோழரும் உயிரியலிலிருந்து குருத்துவத்துக்கு வந்தவருமாகிய அலெக்சாந்தர் பொரீசோவ் அடிகள், 1991 இல் மொஸ்கோ நகர நடுவிலே மீட்டளிக்கப்பட்ட தூயவர் கோஸ்மாஸ் தாமியான் ஆலயத்தின் பொறுப்பை ஏற்றார். மென் அடிகளின் சீடர் பலர் அங்குச் சேர்ந்தனர். வீடுகளிற் கூடிய குழுக்கள் ஆலயத்திலே வெளிப்படையாகக் கூடலாயின. குழந்தைகள் வைத்தியசாலைத் தொண்டு அவர் பெயராலேயே தொடர்ந்தது. அவர்தம் விரிவுரைகளை ஒலிநாடாக்களிலிருந்து எழுத்திற் பெயர்த்து நூல்களாக்கினர். உயிரோடிருந்தபோது தாய்நாட்டில் அச்சேறாத நூல்கள் இலட்சக்கணக்கான படிகளாகப் பரந்தன.

செம்கோஸ் பாதையில் அவர் வெட்டுண்ட இடத்தில் ஆலயம் எழுந்தது. அவ்வூரில் அவர் பெயரால் ஒரு பண்பாட்டு நிலையமும் நடைபெறுகின்றது. ஆண்டுதோறும் செப்தெம்பர் 9 ஆம் நாள் மக்கள் அங்கு வந்து வழிபட்டு நோவாயா தெரெவ்னியாக் கல்லறைக்குச் செல்வர்.

எதிர்ப்பும் ஓயவில்லை. 1998 இல் ஏக்காத்தெரின்பூர்க் நகரத்து இறையியற் பள்ளி ஒன்றில் மென் அடிகளின் நூல்களும், சிமேமன், மெயென்டோர்ப் என்னும் வேறிரு ஓதொடொக்ஸ் அறிஞரின் நூல்களும் எரிக்கப்பட்டன என்னும் செய்தி உலகெங்கும் பரவிற்று. நூலெரியின் கொடுமையை நம்மவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அச் செயலைக் கண்டித்தவர்களும் அதே திருச்சபைக்குள்ளிருந்தே எழுந்தனர். பின்னர் மொஸ்கோ மறைமுதுவரகத்தின் பதிப்பகமே அடிகளின் நூல்களைத் தொகுதி தொகுதியாக வெளியிடத் தொடங்கியது. தீயிலிட்டார் ஒருபால், அச்சிலிட்டார் ஒருபால். அடிகளின் பெயர் இருபாலார் நடுவிலும் இன்றும் வழக்குப் பொருளாகவே உள்ளது.

சபையார் கொலையைப் பற்றி வாய் மூடி இருந்தனர் என்று கொள்ளற்க. தம் கருத்தை எழுதினாரும் பேசினாரும் பலர். உண்மை வெளிவரல் வேண்டும் என்று அவர்கள் கேட்டதும் உண்டு. மன்னித்தல் துயருற்றாரின் உரிமை. விசாரித்தல் அரசின் கடமை. துயருற்றார் மன்னித்துவிட்டார் என்று காட்டி அரசு தன் கடமையினின்றும் நழுவுதல் முறையன்று. மெய்ப்பொருள் நாயனார் கொன்றவனை விடுத்தது தம் உயிரின்மேல் தமக்கிருந்த உரிமையால். பிறர் உயிரைக் கொன்றவனை மறந்துவிட எவ்வரசுக்கும் அவ்வுரிமை இல்லை. ஆதலின் மென் அடிகள் கொலை வழக்கு ருஷ்ய நீதியின்மேல் தீராத கடனாகவே நிற்கின்றது.

ஆயின் அக் கடன் தீருமளவும் தம் வாழ்வை நிறுத்தி வைக்க அச் சபையார் உடன்படவில்லை. ஐயத்தை ஆலயத்தின் பீடத்தில் ஏற்றவில்லை. அருகில் நிற்பவன்தான் காட்டிக்கொடுத்தவனோ என்று நோக்காமல், அவனோடு ஒரே அப்பத்தைப் பகிர்ந்துண்டனர். தத்தன் தன் வாளை உறையிலிட்டு முத்தநாதன் ஒருவனை எல்லை கடத்தினான். இவர்களோ முகமறியாத ஒருவன்மேற் கொள்ளக்கூடிய சினத்தை நாள்தோறும் தம் உள்ளத்தினின்றும் எல்லை கடத்தவேண்டியவராயினர். தத்தன் பணி ஒரு நாளில் முடிந்தது. இவர்கள் பணி முப்பத்தைந்து ஆண்டு கடந்தும் முடியவில்லை.

ஆசிரியத் தொழில் செய்வார்க்கு இவ்வரலாற்றில் ஒரு பாடம் உண்டு. மென் அடிகள் பெரிய கட்டடம் எதனையும் எழுப்பவில்லை. பதவி எதனையும் அடையவில்லை. சிறிய வீடுகளில் ஐவரும் பதின்மருமாகக் கூடியிருந்து, ஒரு நூலை நடுவில் வைத்துப் படிக்கவும், ஒருவர் துயரை மற்றவர் தாங்கவும் கற்பித்தார். அவரைக் கொன்றவன் ஒரு மனிதரை வீழ்த்தினான். எந்தெந்த வீட்டில் எவரெவர் கூடுவர் என்பது அவனுக்குத் தெரியாது. மறுவாரமும் அவர்கள் கூடினார்கள்.